தந்தையர் தேட்டம்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

‘தந்தை’ என்னுஞ் சொல் முன்னாளிற் பொதுச்சொல்லாக நின்றதன்று. பண்டையோர் தம்முடைய தகப்பனை ‘எந்தை’ என்றும், எதிரில் நிற்பவனுடைய தகப்பனை ‘நுந்தை’ என்றும், வேறொருவனுடைய தகப்பனைத் ‘தந்தை’ என்றும் வழங்கினர். இவற்றுள் ‘நுந்தை’ என்பதன் முதலெழுத்தில் உள்ள உகரம் தன் மாத்திரையிற் குறுகும் என்று தொல்காப்பியர் அவ்வொரு சொல்லின் பொருட்டே இலக்கணம் வகுத்துள்ளார். யாருடைய தகப்பன் என்பதைச் சொல்லாது தகப்பனைக் குறித்தற்கு அக்காலத்து எளிய வழி இல்லை போலும். நாமோ பிற்காலத்தில் ‘தந்தை’ ஒன்றனையே மூவிடத்திற்கும் பொதுவாக்கிக் கொண்டு, ‘என் தந்தை’, ‘உன் தந்தை’ எனக் கூறி, அச்சொல்லினுள் முன்னரே இருந்த ‘தன்’ என்பதனை மறந்தோம்.

இதனை எங்கள் ஆசிரியர் சென்ற ஆண்டு வகுப்பில் விளக்கியபோது என் மனம் நூற்பாவில் நில்லாது, சாத்தான்குளத்திற்குக் கிழக்கே செம்மணல் தேரியின் ஓரத்தில் உள்ள எங்கள் விளைக்குச் சென்றுவிட்டது. எந்தை அவ்விளையில் முப்பத்தோராண்டு பனையேறினார். 2021-ஆம் ஆண்டிற் காலஞ்சென்றார். உழைத்துத் தேய்ந்த தகப்பன்மார் தம் மக்களுக்கு விட்டுச் செல்வது யாது என்பதனை, யான் கண்ணால் அறிந்த அவ்வொருவர் வாழ்க்கையைக் கொண்டே ஈண்டு ஆராயப் புகுந்தேன். பெருமக்கள் வரலாற்றை எடுத்துக்காட்டாமற் பனையேறி ஒருவரை எடுத்துக்காட்டுவது சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். பெருமக்களைப் பற்றி எழுதுவார் பலர் உளர். பனையேறியின் மகன் எழுதாவிடின் பனையேறியைப் பற்றி எழுதுவார் யார்?

யாழ்ப்பாணத்துத் தமிழரிடை வழங்கிய வழமைகளை ஒல்லாந்தர் 1707-ஆம் ஆண்டில் தொகுத்து எழுதுவித்தனர். அத்தொகுப்பிற்குத் ‘தேசவழமை’ என்று பெயர். அதன்படி, முன்னோர் வழியாக ஒருவனுக்கு வந்த சொத்து ‘முதுசம்’ எனப்படும். மணம் புரிந்த பின்னர்க் கணவனும் மனைவியுமாய் ஈட்டிச் சேர்த்தது ‘தேடியதேட்டம்’ எனப்படும். எங்கள் பக்கத்தில் இவ்விரு சொற்களும் வழக்கில் இல்லை. ஆயினும், அந்நாடும் எங்கள் தேரி நிலத்தைப் போலப் பனையால் வாழ்ந்த நாடாதலின், இப்பாகுபாடு எங்கள் வீட்டுச் சொத்திற்கும் நன்கு பொருந்துவதாயிற்று. எந்தைக்கு முதுசமாக வந்தன இருபத்திரண்டு பனைகள். அவரும் என் அன்னையாரும் தேடிய தேட்டம் பதினான்கு பனைகள். ஆக முப்பத்தாறு. அவற்றின் அடியில் உள்ள மணலும், அம்மணலின் நடுவே ஓர் ஓட்டு வீடும் எங்கள் குடும்பத்தின் முழுச் சொத்து. இம்முப்பத்தாறும் ஒரே பருவத்தில் பாளை விட்டுப் பயன் தருவன அல்ல. ஆதலின் அயலார் மரங்கள் சிலவற்றையும் வாரத்திற்கு எடுத்து, நாளொன்றுக்கு நாற்பது மரம் எந்தை ஏறுவார்.

பனையை ‘மரம்’ என்று நாம் சொல்லினும் தொல்காப்பியர் அதற்கு இசையார். உள்ளே வயிரம் உடையது மரம். புறத்தே வயிரம் உடையது புல் என்பது மரபியற் கொள்கை. ஆகவே பனை புல்லின் வகையைச் சேர்ந்தது. வெளியே இரும்பு போலிருக்கும் பனையைப் பிளந்து பார்த்தால் நடுவில் மெத்தென்ற சோறே இருக்கும். இலக்கணம் படியாத எங்கள் ஊர்த் தச்சரும் இதனை அறிவர். அவர் பனங்கைக்கு எடுப்பது புறவயிரத்தையே.

இப்புல் வளரும் மெதுவை அயலூரார் எளிதில் நம்பார். பனங்கொட்டையை மணலிற் புதைத்தால் அது முதலிற் கீழ்நோக்கியே செல்லும். அவ்வாறு சென்று திரள்வதே நாம் அவித்துத் தின்னும் கிழங்கு. பிடுங்காது விட்டால் நெடுநாட் கழித்து ஓர் ஓலை மேலே தலைகாட்டும். பின்னும் பல ஆண்டு வடலியாகவே நிற்கும். பாளை விடுதற்குப் பதினைந்தாண்டேனும் செல்லும். அதன்பின் நூறாண்டுக்கு மேலும் நின்று பயன்படும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. எங்கள் முதுசமாகிய இருபத்திரண்டையும் ஊன்றியவர் எந்தையின் பாட்டனார் என்பர். அப்பாட்டனார் முகத்தை எங்கள் வீட்டில் இன்றுள்ள ஒருவரும் கண்டதில்லை; படமும் இல்லை; அவர் மரங்களை மட்டும் அறிவோம்.

இனி அத்தொழில் நடக்கும் முறையைச் சிறிது விரித்துரைப்பேன். மாசி, பங்குனியிற் பனைகள் பாளை விடத் தொடங்கும். பருவம் ஆடி, ஆவணி வரை செல்லும். ஆண்பனையின் பாளை விரல்களைப் போலக் கிளைத்திருக்கும். பெண்பனையின் பாளையிற் குரும்பைகள் இருக்கும். இவற்றைக் கடிப்பு என்னும் மரக்கருவியின் இடையே வைத்துப் பக்குவமாய் நசுக்கி, நாராற் கட்டி, நுனியைச் சீவி விடவேண்டும். நசுக்குதல் குறைந்தாற் சாறு இறங்காது. மிகுந்தாற் பாளை பட்டுப்போகும். எவ்வளவு என்பதைக் கையே அறியும். ஏட்டில் எழுதிக் காட்ட இயலாது. சாறு இறங்கத் தொடங்கியபின் ஒவ்வொரு பாளையையும் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவிக்கொண்டே இருக்கவேண்டும். ஒருநாள் தவறினாலும் சீவிய வாய் உலர்ந்து மூடிக்கொள்ளும். இறங்கும் சாறும் குறைந்துபோம்.

பாளையின் நுனியிற் கட்டும் மட்கலயத்தின் உட்புறத்தே நீற்றிய சுண்ணாம்பைத் தடவுவர். தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகும். தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்குதல் தடுக்கப்பட்டுள்ளமையால், எங்கள் தொழிலில் ஒருவன் சட்டத்திற்கு உட்பட்டவனா புறம்பானவனா என்பதை ஒரு விரல் சுண்ணாம்பே தீர்மானிக்கும். எந்தையின் வலக்கைச் சுட்டுவிரல் அச்சுண்ணாம்பினால் எப்பொழுதும் வெளுத்து வெடித்திருக்கும்.

விடியுமுன் நான்கு மணியளவில் அவர் புறப்படுவார். இடுப்பில் அரிவாட்பெட்டி, கையில் முருக்குத்தடி, தோளிற் குடுவை. தடியை அடிமரத்திற் சாய்த்து அதன்மேல் முதலடி வைத்து, இரு கால்களையும் நார்த்தளையாற் பிணைத்துக்கொண்டு, மரத்தை மார்போடு அணைத்துப் பற்றி ஏறுவார். கைகள் இரண்டும் மேலே செல்ல, கால்கள் இரண்டும் ஒருங்கே எழும்பும். தொலைவிலிருந்து பார்ப்பார்க்கு அஃது ஏறுதலாகவே தோன்றாது. மரம் அவரை உள்ளிழுத்துக் கொள்வது போலவே தோன்றும்.

ஒருநாள் விளையாட்டாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். மரம் ஒன்று நாற்பதடி என்று குறைவாகவே கொள்வோம். நாற்பது மரம், காலையும் மாலையும் இருமுறை. ஒரு நாளைக்கு 3,200 அடி ஏற்றம், இறக்கமும் அவ்வளவே. பருவம் 180 நாள் என்று கொண்டால் 5,76,000 அடி ஆகின்றது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,032 அடி என்பர். கடல் மட்டத்திலிருந்து தொடங்கி ஒரு பருவத்தில் ஏறத்தாழ இருபது முறை அச்சிகரத்தை ஏறியதற்கு இஃது ஒப்பாகும். இக்கணக்கை எந்தையிடம் சொன்னபோது, “அங்கே பதநீர் இறங்குமா எய்யா?” என்று மட்டும் கேட்டார்.

மரத்தை அணைத்து அணைத்து அவர் மார்பின் நடுவிலும், முன்கைகளிலும், கணைக்கால்களிலும் தோல் தடித்துக் கறுத்துக் காய்த்திருந்தது. சிறு பிள்ளையாய் அவர் மார்பிற் படுக்கும்போதெல்லாம் அக்காய்ப்பு என் கன்னத்தை உறுத்தும். பிள்ளைகள் தகப்பன் மார்பை மெத்தையாகச் சொல்லக் கேட்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல். பாளை ஓய்வுநாளை அறியாது. திருச்சபையார் ஓய்வுநாளைப் பற்றி எவ்வளவு போதித்தாலும், பருவ காலத்திற் பனையேறிகள் அன்றும் ஏறியே தீரவேண்டும். எந்தை அன்று ஒரு மணி நேரம் முன்னதாக, இரண்டாம் மணி கழிந்ததும் எழுந்து, இருளிலேயே நாற்பது மரத்தையும் முடித்துக் குளித்து, ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கையில் ஆலயத்தின் பின்வரிசையில் வந்து அமர்வார். அமர்ந்ததும் உறங்கிவிடுவார். அவர் உறங்குவதைக் கண்டு நகைத்த சிறுவர்களுள் யானும் ஒருவன். ஆயினும் ஒவ்வொரு பருவத்திலும் முதற் காய்ச்சலில் ஒரு சிப்பம் கருப்புக்கட்டியை அசனப் பண்டிகைக்கென்று தனியே எடுத்துவைக்க அவர் மறந்ததில்லை.

தந்தையின் உழைப்பைப் பேசும்போது தாயின் உழைப்பை மறைத்துப் பேசுவது நம்மவர் வழக்கம்; அது நேர்மையன்று. ‘தேடியதேட்டம்’ என்பதனை இருவர்க்கும் உரியதாகச் சொன்ன யாழ்ப்பாணத்தார் கருத்தே எனக்கு உடன்பாடு. பதநீரை இறக்குவதோடு பனையேறியின் பங்கு முடிந்தது. அதனைக் கருப்புக்கட்டியாக்குவது பெண்பாலார் வேலை. விளையில் ஓலையால் வேய்ந்த சிறு குடிலொன்று இருக்கும். அதற்கு விடிலி என்று பெயர். அங்கே வாயகன்ற தாச்சியிற் பதநீரை வடித்து ஊற்றி, உடைமுள்ளும் காய்ந்த மட்டையும் எரித்துக் காய்ச்சவேண்டும். பொங்கி வழியாதிருத்தற்கு ஆமணக்கு விதையை நசுக்கிச் சிறிது இடுவர். இரண்டு மூன்று மணி நேரம் கிண்டிய பின்பு துடுப்பில் எடுத்துத் தண்ணீரிற் சொட்டிப் பார்த்து, திரண்டு உருளும் பதத்தில் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவர். ஒரு நொடி முந்தினால் இளகிப்போம், பிந்தினாற் கருகிப்போம். பத்து லிட்டர் பதநீர் காய்ந்து குறுகினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்புக்கட்டியே கிடைக்கும். சித்திரை வெயிலில் ஓலைக் குடிலுக்குள் அடுப்பின் முன் நிற்பது யாதென்பதை நின்றவர்களே அறிவர். என் அன்னையாரின் கண்கள் புகையாற் சிவந்தவை பின்பு வெளுக்கவே இல்லை.

இவ்வாறு ஆக்கிய பொருளுக்கு விலை வைப்பவர் ஆக்கியவர் அல்லர். மழைக்காலத்திற் பனை ஒன்றும் தராது. அந்நாட்களில் அரிசிக்கும் பள்ளிக்கட்டணத்திற்கும் வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கவேண்டும். வாங்கினாற் பருவத்தில் அவர் சொன்ன விலைக்கு அவருக்கே கருப்புக்கட்டியைக் கொடுக்கவேண்டும். எங்கள் பகுதியின் உடன்குடிக் கருப்புக்கட்டிக்கு 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தை காலமாகி இரண்டாண்டு கழிந்திருந்தது. செய்தித்தாளில் அதனைப் படித்து அன்னையாரிடம் சொன்னேன். “ஊருக்குப் பேர் வந்தது நல்லதுதான்” என்றார்.

எந்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுதும் பழக்கம் விட்டுப்போனமையால் விடிலியின் உட்சுவரிற் சுண்ணாம்புப் புள்ளிகளால் கணக்கு வைப்பார். நாட்டின ஒரு புள்ளி பத்துக் கிலோ. அப்புள்ளிகளின் மேற்புறத்தில் மூன்று நெடுங்கோடுகள் இருக்கும். நெடுநாள் யான் அவற்றை விடிலிக்கு இட்ட அழகென்றே எண்ணியிருந்தேன். மூத்தவருக்கு ஒன்று, அக்காளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்பதும், ஒவ்வொரு கோட்டின் கீழும் உள்ள புள்ளிகள் அவ்வப்பிள்ளையின் படிப்பிற்கென ஒதுக்கிய கருப்புக்கட்டி என்பதும் அவர் மறைவிற்குப் பின்பே அன்னையார் சொல்ல அறிந்தேன். அண்ணனுடைய கோட்டின் கீழ்ப் புள்ளிகள் பாதியில் நின்றுவிட்டன. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

தம் மக்கள் மூவருள் ஒருவரையும் அவர் மரத்தில் கைவைக்க விட்டதில்லை. பத்து வயதில் ஒருநாள் யான் முருக்குத்தடியை எடுத்துச் சிறிய பனையொன்றிற் சாய்த்தபோது, கீழே இருந்தவர் ஓடிவந்து தடியைப் பிடுங்கி எறிந்தார். அவர் என்னை அடித்தது அன்று ஒருமுறையே. பின்பு அருகில் அமர்ந்து, “இது என்னோடு போகட்டும் எய்யா” என்றார். தன் தொழிலை மகனுக்குக் கொடுத்துச் செல்வதே தகப்பனின் பெருமை என்று உலகம் கூறும். குயவன் மகன் திகிரியையும், தச்சன் மகன் உளியையும் ஏற்பதைப் புகழும். தன் தொழில் தன் பிள்ளைக்கு வந்துவிடலாகாது என்பதற்காகவே நாள்தோறும் அத்தொழிலைச் செய்த தகப்பன்மாரும் உளர். அவர்கள் விட்டுச் செல்வதற்கு என்ன பெயரிடுவது? முதுசம் என்பதா, தேட்டம் என்பதா?

பொன்முடியார் புறநானூற்றுப் பாட்டொன்றில், மகனைச் சான்றோனாக்குதல் தந்தையின் கடமை என்றனர். அங்கே சான்றோன் என்றது போர்வீரனை என்று கொள்வாரும் உளர். பாட்டின் சூழலை நோக்கின் அதுவே பொருத்தம். திருவள்ளுவரோ, கற்றவர் கூட்டத்தில் மகனை முன்னிற்கச் செய்தலே தந்தை செய்யும் நன்மை என்றார். இதற்கு உரையெழுதப் புகுந்த பரிமேலழகர், மகனைக் கல்வியுடையவனாக்குதலே நன்றி. பொருளுடையவனாக்குதல் முதலாயின துன்பம் பயப்பன ஆதலின் நன்றி ஆகா என்ற கருத்தினர். உரையாசிரியர்பால் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் இவ்விடத்தில் அவரோடு முற்றும் உடன்பட இயலவில்லை. கல்வியுடையவனாக்குதற்கும் பொருள் வேண்டும். அப்பொருளை ஒருவர் நாற்பது மரத்தின் உச்சியிலிருந்து இறக்கவேண்டும். பரிமேலழகர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியதில்லை போலும்.

மற்றொன்றும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. யாங்கள் வகுப்பிற் படிக்கும் புறநானூறு 1894-ஆம் ஆண்டிற் சாமிநாதையர் அச்சேற்றும் வரை பனையோலையிலேயே வாழ்ந்தது. ஏடு பழுதுறும்தோறும் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிப் பெயர்த்தெழுதியே நம்மவர் தமிழைக் காத்தனர். பாடியவர் பெயர் உண்டு. தொகுத்தவர் பெயர் சிலவற்றிற்கு உண்டு. எழுதினவர் பெயர் ஏட்டின் இறுதியிற் சிலபோது உண்டு. அவ்வோலையை வெட்டிக் கீழே இட ஏறியவர் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. தமிழ் படிக்க வந்த பனையேறி மகனுக்கு இது தோன்றாமல் இராது.

2017-ஆம் ஆண்டு வைகாசியில் எந்தை விழுந்தார். எங்கள் மரமன்று, வாரத்திற்கு எடுத்த அயலார் மரம். முன்னாள் இரவு பெய்த கோடைமழையால் அடிமரம் வழுக்கியது என்றனர். பாதி உயரத்திலிருந்து விழுந்தமையால் உயிர் தப்பியது; இடுப்பெலும்பும் தண்டெலும்பும் கெட்டன. அப்பொழுது அண்ணன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டோடு படிப்பை நிறுத்திச் சென்னையில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அவர் கோட்டின் கீழ்ப் புள்ளிகள் நின்றது இதனால். மருத்துவச் செலவிற்கு வாங்கிய கடனையும், அக்காளின் செவிலியர் படிப்பிற்கு வாங்கிய கடனையும், பின்பு என் கல்லூரிக் கட்டணத்தையும் சுமந்தவர் அவரே. தந்தையர் விட்டுச் செல்வனவற்றுட் கடனும் ஒன்று. அதனைத் தனியே ஏற்பவன் பெரும்பாலும் மூத்த மகன்.

ஏற இயலாத அந்நான்காண்டும் எந்தை சும்மா இருந்தாரல்லர். பழம் உதிரும் காலத்திற் கொட்டைகளைப் பொறுக்கிவரச் செய்து, ஒரு கோணியின்மேல் அமர்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, விளையின் எல்லை நெடுகக் குழிதோண்டி ஊன்றினார். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து. தம் பிள்ளை ஏறலாகாது என்று தடியைப் பிடுங்கி எறிந்தவர், தம் பேரப்பிள்ளை காலத்தில் பாளைவிடும் பனையை ஏன் ஊன்றினார் என்பதை யான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். இன்று அவை முழங்காலளவு வடலிகளாய் நிற்கின்றன, சில முளைக்கவில்லை, சிலவற்றை ஆடு கடித்துவிட்டது.

அவர் மறைவிற்குப் பின் சொத்தைப் பிரிக்கும் பேச்சு எழுந்தது. உயில் எழுதாது இறந்த கிறித்தவரின் சொத்தைப் பங்கிடும் முறையை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறுகின்றது. மனைவிக்கு மூன்றில் ஒன்று. எஞ்சிய இரண்டு பங்கும் ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாக. எங்கள் மரங்களின் தொகை அச்சட்டத்திற்கெனவே அமைந்தது போன்றிருந்தது. அன்னையாருக்குப் பன்னிரண்டு, எங்கள் மூவர்க்கும் எட்டெட்டு. ஊர் வழக்கமோ வேறு. மணமாகிச் சென்ற பெண்ணைக் கையெழுத்திடச் செய்து அவள் பங்கை நீக்கிவிடுதலே வழக்கம். அக்காள் சினவாமல், “என் எட்டு மரத்தை அம்மா கையிலேயே வைத்திருக்கட்டும், கையெழுத்து மட்டும் போடமாட்டேன்” என்றாள். அவள் செய்தது சரியே என்பது என் துணிபு. அவள் கோட்டின் கீழும் புள்ளிகள் இருந்தன அல்லவோ?

இதற்கிடையே செங்கற்சூளைக்காக மரம் வாங்குபவர் ஒருவர் வந்தார். முப்பத்தாறையும் அடியோடு வெட்டிக்கொண்டு ஒரே தொகையாகத் தருவதாகச் சொன்னார். எந்தை இறந்த அவ்வாண்டே தமிழ்நாட்டு அரசின் முதல் வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில், மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதனை யான் எடுத்துச் சொன்னபோது, அதெல்லாம் தாம் பார்த்துக்கொள்வதாக அவர் நகைத்தார். அண்ணனுக்கு விற்க எண்ணமுண்டு. அவரைப் பேராசைக்காரர் என்று எவரும் எண்ணலாகாது. ஏழாண்டு வட்டி கட்டியவர் அவர். தகப்பன் ஊன்றாத, பிள்ளைகள் ஏறாத மரங்களைக் காத்துக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன் என்று அவர் கேட்ட கேள்விக்கு, சிறப்பு வகுப்பிற் படிக்கும் என்னிடம் விடையில்லை. மாநில மரம் என்று சொல்லிப் பார்த்தேன். “மாநிலம் வட்டி கட்டுமா?” என்றார்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தபோது அவர் ஒருநாள் மாலை தனியே விளையின் எல்லை நெடுக நடந்து சென்றதைக் கண்டேன். வடலி ஒன்றன் அருகில் நின்று, ஆடு கடித்த ஓலையைக் கையால் விலக்கிப் பார்த்தார். திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், இவ்வொரு பருவம் மரங்களை வாரத்திற்கு விட்டு வருவதைக் கடனுக்குக் கொடுப்போம், அதன்பின் பார்ப்போம் என்றார். அதன்பின் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை.

மாசியில் அயலூர்ப் பனையேறி ஒருவர் மரங்களைப் பார்வையிட வந்தார். எங்கள் பக்கத்தில் ஏறுவார் அருகிவிட்டமையால் அவர் மூன்று ஊர்களுக்குச் சேர்த்து ஏறுகின்றார். எவை ஆண், எவை முந்திப் பாளைவிடும், எதற்கு எத்தனை கலயம் என்று அவர் கேட்க, யான் விழித்தேன். அன்னையார் கையிற் குச்சியோடு முன்னே நடந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு சென்றார்: கூனல், இரட்டை, இடிவிழுந்தான், மூத்தவள், கிணற்றடியான்... அவற்றிற்குப் பெயர் உண்டு என்பதையே யான் அன்றுதான் அறிந்தேன். கல்லூரிக் குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். முப்பத்தாறும் முடிந்தபின், வேலிக்கு அப்பால் நின்ற ஒரு மரத்தைக் குச்சியாற் சுட்டிக்காட்டினார்.

“அது நம்முடையது இல்லை,” என்றார் அந்தப் பனையேறியிடம். “அந்த வீட்டுக்காரர் வாரத்திற்குத் தந்தாலும் நீங்கள் வாங்கவேண்டாம், அண்ணாச்சி.”